செம்மறியின் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள்!

‘மழை முடிந்ததிலிருந்து செம்மறிகள் மெலிகின்றன. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது. மூன்று முறை குடற்புழு மருந்து கொடுத்தும் இரண்டு ஆடுகள் செத்துவிட்டன. ரத்தப் பரிசோதனை செய்தால் காரணம் தெரியுமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஓரளவுக்குத் தெரியும். உடலில் எங்காவது அழற்சி வந்தால், கல்லீரல் ‘ஹேப்டோகுளோபின்’ என்ற புரதத்தை ரத்தத்தில் அதிகமாக விடும். நல்ல நிலையில் உள்ள செம்மறியின் ரத்தத்தில் இது இருக்கிற இடமே தெரியாது. அழற்சி வந்தால் ஓரிரு நாளில் பல மடங்கு ஏறிவிடும். ஆனால் குளம்பு அழுகல், நிமோனியா, முள் குத்திய புண் எதுவானாலும் ஏறும். பட்டி நாய் குரைப்பது போலத்தான். வந்தது திருடனா, விருந்தாளியா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ‘இயோசினோபில்’ என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் ஒட்டுண்ணி மீது சந்தேகம் வலுக்கும். அதுவும் எந்தப் புழு என்று காட்டாது.

வாசகர் சொல்லும் அறிகுறிகளுக்கு என் முதல் சந்தேகம், ரத்தம் உறிஞ்சும் ‘ஹீமாங்கஸ்’ உருண்டைப்புழு. நான்காம் இரைப்பையில் இருந்துகொண்டு ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் குடிக்கும். 5,000 புழுக்கள் என்றால் 250 மி.லி. 30 கிலோ ஆட்டுக்கு மொத்த ரத்தமே சுமார் 2 லிட்டர்தான்! ரத்தத்தோடு புரதமும் போவதால் தாடையில் நீர் கோக்கிறது. வாய்க்கால், குளத்தோரம் மேய்ந்த ஆடு என்றால் கல்லீரல் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம்.

ரத்தசோகையைக் கண்டுபிடிக்கச் செலவே வேண்டாம். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உள்சவ்வு சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் கொண்ட ‘ஃபமாச்சா’ அட்டையை உருவாக்கினார்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பதே முறை. எல்லா ஆடுகளுக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றினால், அதற்கு அடங்காத புழுக்களே பட்டியில் மிஞ்சும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்து ஊற்றுவதும் அப்படித்தான்.

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சாணப் பரிசோதனை காட்டிவிடும். மருந்து கொடுக்கும் நாளிலும், 10 முதல் 14 நாள் கழித்தும், அதே ஆடுகளின் புதுப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை என்றால் மருந்து வகையை மாற்ற வேண்டும்.

தாடை வீங்கிய ஆடுகள் அதுவரை தாங்காது. அவற்றை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் நிழலில் கட்டி, இன்றே மருத்துவரை அழையுங்கள்.