கல்லுன்னு நினைச்சீங்களா? ஏமாந்தீங்க!

காரியாபட்டியில் மதுரை பஸ் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் நம்ம ஊரில் பாதிப் பேர் திருமலை நாயக்கர் மகாலைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. பிரான்ஸில் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே பழைய கோட்டையைப் புதுப்பித்து வைத்திருப்பதை ரீல்ஸில் பார்த்து வாயைப் பிளக்கிறோம். நமக்கென்ன குறைச்சல்? திராட்சை கம்பத்தில் இருக்கு, அரண்மனை மதுரையில் இருக்கு! வாங்க, உள்ளே போய்க் குடைந்து பார்ப்போம்.

முற்றத்தில் நின்று அண்ணாந்தால் கழுத்து சுளுக்கும். தூண்கள் 40 அடிக்கு மேல் உயரம். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். மலையைக் குடைந்து செதுக்கிய மாதிரி மிதப்பாக நிற்கின்றன. அத்தனையும் பாவ்லா! உள்ளே இருப்பது செங்கல். மேலே கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு. வழவழப்பும் பளபளப்பும் அதனால்தான். எத்தனை முட்டை உடைத்திருப்பார்கள் என்று யோசித்தாலே தலை சுற்றுகிறது.

1636-ல் கட்டியது. அத்தனை செங்கல்லுக்கும் மண் வேண்டாமா? வண்டியூரில் தோண்டினார்களாம். அந்தப் பள்ளம்தான் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்பார்கள். தோண்டும்போது வெளிப்பட்டவர் முக்குறுணிப் பிள்ளையார். இன்று மீனாட்சியம்மன் கோயிலில் உட்கார்ந்துகொண்டு, விநாயகர் சதுர்த்திதோறும் 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை வாங்கிக்கொள்கிறார். அரண்மனைக்கு மண் எடுக்கப் போய்க் குளமும் சாமியும் கிடைத்த கதை வேறெங்காவது உண்டா?

இன்னொன்று: நாம் பார்ப்பது மிச்சம்தான். பழைய அரண்மனையில் கால்வாசிகூட இருக்காது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கே இடித்துப் பெயர்த்து எடுத்துப் போனார். (தாத்தா சொத்து என்றால் பேரனுக்கு எப்பவுமே கொஞ்சம் இளக்காரம்!) மீதி இடத்தில் ஊர் ஏறிவிட்டது. விளக்குத்தூண் பக்கம் சேலைக்கடைச் சந்துக்குள் நுழைந்தால், வரிசையாகப் பத்துத் தூண்கள் திக்குத் தெரியாமல் நிற்கும். அவையும் அரண்மனையைச் சேர்ந்தவையே. நவபத்கானா தெருவும் மகால் தெருக்களும் அந்த வளாகத்தின் பெயரைத்தான் சுமக்கின்றன.

இடிந்து கிடந்ததைக் காப்பாற்றியவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னர். சீரமைப்பில் கைவைத்தவர் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். அப்புறம் ராஜா உட்கார்ந்த இடத்தில் ஜட்ஜ் உட்கார்ந்தார். 1970 வரை இங்கே கோர்ட் நடந்தது. ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலா ஆடியதும் இதே தூண்களுக்கு நடுவேதான். இப்போது ராத்திரியில் ஒலி-ஒளிக் காட்சி. சிலப்பதிகாரக் கதையும் நாயக்கர் கதையும் கலர் கலராய் ஓடும். என்னைக் கேட்டால், விளக்கெல்லாம் அணைந்த பகல் நேரம்தான் அழகு.

கிட்டப் போய்ப் பாருங்கள். கைக்கு எட்டும் உயரம்வரை ஆணியால் கீறிய பெயர்கள், அம்பு துளைத்த இதயங்கள், கல்லூரிப் பெயர், வருஷம். அதன்மேல் திட்டுத் திட்டாய் நிறம் சேராத புதுப்பூச்சு. கீறியது கல்லை அல்ல, சுண்ணாம்புத் தோலை. ஒருமுறை உரிந்தால் பழைய மினுமினுப்பு திரும்பாது. அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு கிளம்புங்கள். பேனாவும் சாவியும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.