27 வளைவுகள் தாண்டி ஊருக்கு ஒரு பயணம்
சாம்ராஜ்நகர் – சத்தியமங்கலம் சாலையில் பகல் பொழுதில் போய் வரத் திட்டம்

பெங்களூரில் பிழைப்பு நடத்தும் கோவை, ஈரோடு, கோபிக்காரர்கள் ஊருக்குப் போகிறார்கள் என்றால் பெரும்பாலும் ஓசூர் வழிதான். சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் பஸ் ஏறி, தூங்கி விழித்தால் ஊர் வந்துவிடும். வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தென்புறத்தில் இன்னொரு வழியும் உண்டு. கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர் வழியாகக் காட்டுக்குள் புகுந்து, திம்பம் மலையில் இறங்கி, பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சத்தியமங்கலத்தைச் சேரும் சாலை அது. அதில் சாம்ராஜ்நகருக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே உள்ள சுமார் 80 கிலோமீட்டர்தான் கண்ணுக்கு விருந்து.

இரவில் முடியாது

ஆனால் இந்தப் பயணத்தை இரவில் வைத்துக்கொள்ள முடியாது. சத்தியமங்கலம் காடு 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவு நேரத்தில் வண்டியில் அடிபட்டு மான்களும் மற்ற விலங்குகளும் இறந்ததால், 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. லாரி போன்ற சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணி, கார் போன்ற சிறு வண்டிகளுக்கு இரவு 9 மணி. அதன் பிறகு காலை 6 மணி வரை பாதை அடைப்புதான். அவசர ஊர்திகளுக்கு விலக்கு உண்டு.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஊரில் துக்கம் என்று நள்ளிரவில் தகவல் வந்தால் இந்த வழியை நம்பிப் புறப்படக் கூடாது. ஓசூர், தர்மபுரி, தொப்பூர், மேட்டூர், பவானி, கோபி என்று சுற்றித்தான் போக வேண்டும். யானைக்கும் புலிக்கும் இரவு, மனிதருக்குப் பகல் என்று பாகம் பிரித்தாகிவிட்டது. அதற்கு ஏற்றபடிதான் திட்டம் போட வேண்டும்.

காலை 5 மணிக்குப் புறப்பாடு

பெங்களூரிலிருந்து சாம்ராஜ்நகர் சுமார் 175 கிலோமீட்டர். காலை 5 மணிக்குக் கிளம்பினால், மளவள்ளி தாண்டியதும் சிவசமுத்திரம் அருவிக்கு ஒரு திருப்பம் வரும். நேரம் இருந்தால் எட்டிப் பார்க்கலாம். 1902-ல் இங்கே காவிரி நீரில் எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான்!

அடுத்தது கொள்ளேகால். 1956 நவம்பர் 1-ந் தேதி மாநில எல்லைகள் திருத்தப்படும் வரை இந்தத் தாலுகா கோவை மாவட்டத்தோடு இருந்தது.

சாம்ராஜ்நகரில் பலகாரம் சாப்பிட்டு, பெட்ரோல் நிரப்பிக்கொள்வது நல்லது. மைசூரிலிருந்து வரும் ரெயில் பாதையும் இந்த ஊரோடு நின்றுவிடுகிறது. மேட்டுப்பாளையம் வரை அதை நீட்ட வேண்டும் என்பது பழைய கோரிக்கை. குறுக்கே காடு இருப்பதால் அது நடக்கவில்லை.

கரும்புக்குக் காத்திருக்கும் யானை

புளிஞ்சூர் கர்நாடகச் சோதனைச் சாவடி, காராப்பள்ளம் தமிழகச் சோதனைச் சாவடி. இந்த இடத்தில்தான் யானைகள் ரோட்டோரம் வந்து நிற்கும். கரும்பு லாரி வந்தால் மறித்துத் துதிக்கையால் உருவித் தின்னும். டிரைவர்கள் சிலர் கரும்பைக் கீழே எறிந்து பழக்கிவிட்டதன் விளைவு இது. கண்டால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஹாரன் அடிப்பது, இறங்கிப் படம் எடுப்பது, குரங்குக்குத் தீனி போடுவது எதுவும் கூடாது.

ஆசனூர் வந்ததும் டீ குடிக்கலாம். இந்தத் தாளவாடி மலைப்பகுதி ஈரோடு மாவட்டம்தான். ஆனால் வீட்டுக்கு வீடு கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும். கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊரான காஜனூரும் இங்கேதான் இருக்கிறது. 2000 ஜூலை 30-ந் தேதி இரவு வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றது அந்த வீட்டிலிருந்துதான். விடுதலையாக 108 நாட்கள் ஆயின. அந்த நாட்களில் பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் பட்ட கவலை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று இந்தச் சாலையின் பெயரைக் கேட்டாலே பயம். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தது. 2009-ல் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும் திறக்கப்பட்டது. இன்று பிள்ளைகளோடு இந்த வழியில் போகிறவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

திம்பம் இறக்கம்

திம்பத்தில் நின்று பார்த்தால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். மேகம் இல்லாத நாளில் பவானிசாகர் நீர்த்தேக்கமும் பளபளக்கும். அங்கிருந்து இறங்க 27 கொண்டை ஊசி வளைவுகள்!

இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வரக் கூடாது. அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறுவதற்குப் போடும் அதே கியரில்தான் இறங்க வேண்டும். லாரி திரும்புவதற்கு வளைவு முழுவதும் தேவைப்படும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டுக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். பழக்கம் இல்லாதவர்கள் வண்டி ஓட்டிப் பார்க்க ஏற்ற இடம் இது அல்ல. அவர்களுக்கு அரசு பஸ் இருக்கவே இருக்கிறது. ஜன்னல் ஓரம் இடம் பிடித்தால் போதும். பலத்த மழை நாளில் பாறை சரியும், மரம் விழும். அன்று பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. மழை ஓய்ந்த பின் வரும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காடு பச்சையாகவும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும்.

கீழே இறங்கியதும் பண்ணாரி மாரியம்மன் கோவில். பங்குனிக் குண்டம் நாளில் கூட்டம் நெரியும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு பவானி ஆற்றங்கரையில் சத்தியமங்கலம். மல்லிகைக்குப் பேர் போன ஊர்.

திரும்பும் நாளில்

மறுநாள் திரும்புகிறவர்கள் பிற்பகல் 2 மணிக்குள் சத்தியமங்கலத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சொந்தக்காரர்கள் "இன்னும் ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்று பிடித்து நிறுத்துவார்கள். அந்தக் காபிக்காகப் பொழுது சாய்ந்துவிட்டால், காட்டை இருட்டில் கடக்க வேண்டியிருக்கும். இன்னும் தாமதமானால் பண்ணாரிச் சாவடியில் விடியும் வரை காத்திருப்புதான். திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது.

லீவு எழுதிக் கொடுக்கும்போதே ஒரு நாள் கூடுதலாக எழுதிவிட்டால் இந்தக் கவலை இல்லை. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், அப்பா அம்மாவின் ஊருக்கு ஒரு முறையாவது விழித்துக்கொண்டு போகட்டும்.