விமான எஞ்சினை எக்ஸெலில் ஓட்டிப் பாருங்கள்!

ஜெட் விமானத்தில் விமானி லீவரைத் தள்ளியவுடன் எரிபொருள் மொத்தமாகப் பாய்ந்துவிடுவதில்லை. இன்றைய எஞ்சின்களில் எவ்வளவு எரிபொருள் விடலாம் என்பதை முடிவு செய்வது பேடெக் என்னும் கம்ப்யூட்டர்தான். பயணிகள் விமானத்தில் இது முழுப் பொறுப்புடன் 1984ல் வந்தது. எஞ்சின் பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ2037. விமானம் போயிங் 757.

விமானி கேட்டதை பேடெக் ஏன் உடனே கொடுப்பதில்லை? எஞ்சினுக்குள் கம்ப்ரஸரும் டர்பைனும் ஒரே தண்டில் சுழல்கின்றன. கனமான இந்த அமைப்பு வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். அந்த நேரப் போக்கைக் கணக்காக எழுதுவதே டைனமிக் மாடல். இதன் மிக எளிய வடிவத்தை எக்ஸெலில் நீங்களே அமைக்கலாம்.

ஏ1 செல்லில் 60 என டைப் செய்யுங்கள். இது இப்போதைய சுழல் வேகம், சதவீதத்தில். ஏ2 செல்லில் =ஏ1+(100-ஏ1)*0.1 என்று பார்முலா கொடுங்கள் (செல் பெயரை ஆங்கில எழுத்தில் தரவும்). இதனை ஏ30 வரை காப்பி செய்திடுங்கள். ஒவ்வொரு வரிசையும் கால் விநாடி. நான் போட்டுப் பார்த்ததில் ஏ21ல், அதாவது 5 விநாடியில், வேகம் 95ஐத் தாண்டியது.

இனி 0.1க்குப் பதில் 0.3 கொடுங்கள். ஒன்றரை விநாடியிலேயே 95 வந்துவிடும். ஆனால் உண்மை எஞ்சினில் இதற்கு எரிபொருளைத் திணிக்க வேண்டும். கம்ப்ரஸர் வேகம் எடுக்கும் முன்பே எரி அறையில் அழுத்தம் ஏறி, காற்று முன்பக்கமாகத் திரும்பிப் பாயும். இதுதான் சர்ஜ். எரிபொருளைத் திடீரெனக் குறைத்தாலோ தீ அணைந்துவிடலாம். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எஞ்சினை நடத்துவதுதான் பேடெக்கின் வேலை.

ஐடில் நிலையில் பறக்கும் எஞ்சின், புறப்பாட்டு உந்துவிசையில் 95 சதவீதத்தை 5 விநாடிக்குள் எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. தரைக்கு அருகே 5 விநாடி மிக நீண்ட நேரம். 1988 ஜூன் 26ல் பிரான்சின் ஹப்ஷைமில், கண்காட்சிக்காகத் தாழப் பறந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தின் எஞ்சின்கள் ஐடிலில் இருந்தன. முழு விசை கேட்ட சில விநாடிகளில் விமானம் மரங்களில் மோதியது. 136 பேரில் மூவர் இறந்தனர். எஞ்சின்கள் இயல்பாகவே வேகம் எடுத்தன என்றது அதிகாரப்பூர்வ விசாரணை அறிக்கை.

இப்போது 0.1ஐத் திரும்பக் கொடுத்து, ஏ1ல் 80 என மாற்றுங்கள். மூன்றரை விநாடியில் 95 வந்துவிடுகிறது அல்லவா? இறங்கும் வேளையில் பல விமானங்களில் ஐடில் வேகத்தைச் சற்றுக் கூடுதலாக வைப்பது இதற்காகத்தான். தரையிறங்க முடியாமல் மீண்டும் மேலே ஏற வேண்டி வந்தால், மிச்சமாகும் ஒவ்வொரு விநாடியும் உயிர் காக்கும்.