விநியோகச் சங்கிலி மேலாண்மை: வீட்டிலிருந்தே ஒரு தொடக்கப் பாடம்

பெங்களூரு ஜீவனஹள்ளியில் மளிகைக் கடை நடத்திவரும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் தம் மகனுடன் நமது கிளைக்கு வந்திருந்தார். மகன் பி.காம். இறுதியாண்டு மாணவர். விநியோகச் சங்கிலி மேலாண்மையில் இணையவழிச் சான்றிதழ் படிப்பு நடத்தும் தனியார் நிறுவனம் ஒன்று, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் கேட்டிருந்தது. கடன் கிடைக்குமா, அந்தப் படிப்பு பயன்படுமா என்று இரண்டு கேள்விகளைத் தந்தை எழுப்பினார்.

“கட்டணமின்றிக் கற்கக்கூடிய தொடக்கப் பாடத்தை முதலில் முடித்து வாருங்கள், கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம்” என்று நாம் பதிலளித்தோம். கடன் வழங்குவதைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்வாறு சொன்னது அவருக்கு வியப்பளித்தது. இதே கேள்வி வேறு பல இல்லங்களிலும் எழக்கூடும் என்பதால், நமது பதிலுக்கான காரணங்களை இங்கு விளக்குகிறோம்.

விநியோகச் சங்கிலி என்பது யாது?

வயலில் விளைந்த நெல் ஆலைக்குச் சென்று அரிசியாகி, மொத்த வணிகரிடமும் அவரிடமிருந்து சில்லறைக் கடைக்கும் வந்து, இறுதியில் நம் வீட்டு அடுப்பை அடைகிறது. பொருள் இவ்வாறு முன்னோக்கி நகர, பணம் அதே பாதையில் பின்னோக்கி நகர்கிறது. எவருக்கு எவ்வளவு தேவை என்னும் செய்தியோ இரு திசைகளிலும் செல்கிறது. பொருள், பணம், செய்தி ஆகிய மூன்றின் ஓட்டத்தையும் ஒருசேரத் திட்டமிடுவதே விநியோகச் சங்கிலி மேலாண்மை. இச்சொற்றொடரை 1982இல் பொது வழக்கிற்குக் கொண்டுவந்தவர் கீத் ஆலிவர் என்னும் ஆலோசகர். சொல் புதியதாயினும், இப்பணி வணிகத்தைப் போலவே பழமையானது.

எங்கே கற்கலாம்?

நம் நாட்டில் இதற்கு எளிய வழி என்.பி.டி.இ.எல். திட்டமாகும். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் இதைத் தொடங்கின. இதன் பாடங்கள், மத்திய அரசு 2017இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தின் வழியாகவும் கிடைக்கின்றன. பாடங்கள் 4, 8 அல்லது 12 வாரங்களுக்கு நடைபெறும். சேர்வதற்கும் காணொளிகளைக் காண்பதற்கும் வாராந்தரப் பயிற்சிகளைச் செய்வதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும், ஆயிரம் ரூபாய் அளவிலான கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும்.

மதிப்பெண்ணில் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும் தேர்வுக்கு 75 விழுக்காடும் உரியவை. பயிற்சிகளில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்பது குறைந்தபட்சத் தகுதி. தேர்வு நேரில் நடைபெறுவதால் இச்சான்றிதழுக்குத் தனி மதிப்பு உண்டு. கல்லூரி ஏற்றுக்கொண்டால், ஸ்வயம் பாடங்களின் மதிப்பெண் அலகுகளைப் பட்டப்படிப்பிலும் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன. வெளிநாட்டுப் பாடம் வேண்டுவோருக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் இத்துறையில் நடத்தும் இணையவழிப் பாடத் தொடர் இருக்கிறது. அதிலும் சான்றிதழுக்கு மட்டுமே கட்டணம்.

என்ன கற்பிக்கிறார்கள்?

தேவையை முன்கணித்தல், இருப்பு மேலாண்மை, போக்குவரத்து, கிடங்கு, கொள்முதல் ஆகியவை எல்லாத் தொடக்கப் பாடங்களிலும் இடம்பெறுகின்றன. இவற்றுள் சிறு வணிகருக்கு உடனே பயன்படுவது இருப்பு மேலாண்மை. ஒரே முறையில் எவ்வளவு வாங்குவது என்பதற்கான சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் என்னும் பொறியாளர் 1913இல் வெளியிட்டார். இன்றும் மாணவர் முதலில் கற்கும் சூத்திரங்களில் அதுவும் ஒன்று.

ஜீவனஹள்ளிக் கடையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்தவை. கடையில் ஆண்டுக்கு 1,200 மூட்டை அரிசி விற்கிறது. மூட்டையின் விலை ரூ.1,500. யஷ்வந்தபுரம் யார்டுக்குச் சென்று சரக்கை ஏற்றிவர டெம்போ வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்ந்து ஒரு நடைக்கு ரூ.600 ஆகிறது. ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்க வட்டி, இடவாடகை, எலியாலும் ஈரத்தாலும் நேரும் சேதம் ஆகியவை ரூ.225 ஆகின்றன.

ஆண்டுத் தேவையை ஒரு நடைச் செலவால் பெருக்கி, அதை இரு மடங்காக்கி, ஒரு மூட்டையை வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். விடை 80. அதாவது ஒரு நடைக்கு 80 மூட்டை, ஆண்டுக்கு 15 நடை. நடைச் செலவு ரூ.9,000, சராசரி இருப்பான 40 மூட்டைகளை வைத்திருக்கும் செலவும் ரூ.9,000, ஆக மொத்தம் ரூ.18,000.

கடைக்காரரோ காலாண்டுக்கு ஒருமுறை 300 மூட்டை வாங்குபவர் எனில், நடைச் செலவு ரூ.2,400 மட்டுமே, ஆனால் இருப்புச் செலவு ரூ.33,750 ஆகிவிடும். மொத்தம் ரூ.36,150, அதாவது இரு மடங்கு. மேலும் அவருடைய பணம் சராசரியாக ரூ.2,25,000 அரிசியாக அடுக்கப்பட்டிருக்கும். 80 மூட்டைக் கணக்கில் அது ரூ.60,000 மட்டுமே. மறுபுறம், அஞ்சி அஞ்சி 20 மூட்டையாக வாங்கினால் 60 நடைக்கு ரூ.36,000 கூலியாகவே போய்விடும்.

மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டே என்று வணிகர் கேட்பார். அதற்கும் இக்கணக்கே விடை தரும். கூடுதல் செலவான ரூ.18,150ஐ 1,200 மூட்டைகளுக்குப் பகிர்ந்தால், மூட்டைக்கு ஏறத்தாழ 15 ரூபாய். தள்ளுபடி அதற்கு மேல் இருந்தால் மொத்தக் கொள்முதல் ஆதாயம். குறைவாக இருந்தால் நட்டம். விற்பனை ஆண்டு முழுவதும் சீராக இருக்கும் என்ற அனுமானத்தில் அமைந்த கணக்கு இது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பண்டிகைக் காலத்திற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சாட்டை விளைவு

பாடத்தில் வரும் மற்றொரு கருத்து ‘சாட்டை விளைவு’. பிடியில் சிறிதாகத் தொடங்கும் அசைவு, சாட்டையின் நுனியில் பெரும் வீச்சாக மாறுகிறது. அதுபோலவே, வாடிக்கையாளரின் வாங்குதலில் நேரும் சிறு மாற்றம் சில்லறைக் கடை, மொத்த வணிகர், ஆலை எனச் செல்லச் செல்லப் பெருகுகிறது. ஒவ்வொருவரும் பாதுகாப்புக்காகச் சற்றுக் கூட்டி ஆர்டர் கொடுப்பதே காரணம். குழந்தைகளின் டயப்பர் விற்பனை சீராக இருந்தபோதிலும், தம்மிடம் வரும் ஆர்டர்கள் பெரிதும் ஏறி இறங்குவதைப் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் கண்டது. அந்நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய பேராசிரியர்கள் 1997இல் எழுதிய கட்டுரைகள் இன்றும் இப்பாடத்தில் பயிலப்படுகின்றன. நான்கு நாள் விற்பனை கூடியதைக் கண்டு நாற்பது நாளைக்கான சரக்கை வாங்குவோருக்கு இது நல்ல எச்சரிக்கை.

வங்கிக்கு இதில் என்ன தொடர்பு?

சிறு தொழில்களுக்கு நடைமுறை மூலதனக் கடன் வழங்கும்போது, நாயக் குழு வகுத்த முறையை வங்கிகள் பின்பற்றுகின்றன. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனத் தேவை எனக் கொள்ளப்படும். அதில் 20 விழுக்காட்டை வங்கி தரும். 5 விழுக்காட்டை வணிகர் போட வேண்டும். விற்பனை 60 லட்சம் என்றால் தேவை 15 லட்சம். வங்கிக் கடன் 12 லட்சம். சொந்தப் பணம் 3 லட்சம். போட்ட பணம் ஆண்டுக்கு நான்கு முறை சுழன்று வரும் என்பதே இதன் அடிப்படை.

சரக்கு தேங்கினால் அச்சுழற்சி தடைப்படும். மாதந்தோறும் அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையில், விற்காமல் கிடக்கும் பழைய சரக்கை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆதலால் கடன் வரம்பு இருந்தும் எடுக்கக்கூடிய தொகை குறையும். “வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, கையில்தான் பணமில்லை” என்று வருந்தும் வாடிக்கையாளர்கள் பலருடைய அறிக்கைகளில் நாம் காண்பது இதைத்தான். அவர்களுக்கு வேண்டியது கூடுதல் கடனன்று. இருக்கும் பணத்தின் விரைவான சுழற்சி.

விற்ற பணம் வந்து சேர்வதும் சங்கிலியின் ஒரு கண்ணியே. உற்பத்தியிலோ சேவையிலோ ஈடுபட்டுள்ள, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்துவழி ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களே. வணிகத்தில் மட்டும் ஈடுபட்டிருப்போருக்கு இப்பாதுகாப்புப் பொருந்தாது என்பதை மறத்தல் கூடாது.

கட்டணம் செலுத்துமுன்

ஒரு தொடக்கப் பாடம் தானாகவே வேலை வாங்கித் தராது. ஆயினும் இத்துறை தமக்கு ஏற்றதா என்பதைச் சில வாரங்களில் காட்டிவிடும். பெருந்தொகை கேட்கும் படிப்பில் சேருமுன், தேர்வை யார் நடத்துகிறார்கள், பணம் திரும்பக் கிடைக்குமா, வேலை பற்றிய உறுதி எழுத்தில் உள்ளதா என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். நிறுவனமே ஏற்பாடு செய்யும் மாதத் தவணை என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடனே. படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது.

ஜீவனஹள்ளி மாணவர் இப்போது கட்டணமில்லாப் பாடத்தில் சேர்ந்துள்ளார். பயிற்சிக்கான எண்களைத் தந்தையின் கொள்முதல் நோட்டிலிருந்து எடுக்குமாறு கூறியுள்ளோம். படிப்புக் கடனுக்கான விண்ணப்பம் காத்திருக்கட்டும். அடுத்த மாதச் சரக்கிருப்பு அறிக்கையைத் தந்தையும் மகனும் சேர்ந்து தயாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.