டெல்லி கணேஷ்
(1944 – 2024)
நாடகம், சினிமா, சின்னத்திரை நடிகர்

ஆவடிப் பக்கத்து மக்களுக்கு விமானப்படைச் சீருடை பழகிய காட்சி. அந்தச் சீருடையைப் பத்து ஆண்டுகள் அணிந்தவர்தான் இந்த நடிகர். ஊர், நெல்லைச் சீமையின் வல்லநாடு. 1964-இல் விமானப்படையில் சேர்ந்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையேறினார். வேலையை விட்டுச் சென்னை வந்ததும் காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நாடகங்கள். ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் அறிமுகப்படுத்திய கே. பாலசந்தர்தான் கணேசனை ‘டெல்லி கணேஷ்’ ஆக்கினார்.

நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். ‘பசி’ படத்துக்காக மாநில அரசின் சிறப்புப் பரிசு பெற்றார். ஆனாலும் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுவது ‘மைக்கேல் மதன காமராஜன்’ பாலக்காட்டுச் சமையல்காரர்தான். சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட அந்தக் கல்யாணப் பந்தியில் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். ஒரு சமையல்காரரின் மானமே போகிற பதைப்பு அதில் தெரியும். ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கருக்காக இந்தியில் பேசும் ஐயரும் இவரே. பக்கத்தில் நிற்பவரின் நடிப்பைத் தூக்கிக் கொடுப்பது மேடை தந்த பழக்கம். தமிழ் சினிமாவில் இதை இவர் அளவுக்குச் செய்தவர்கள் மிகக் குறைவு.

‘செல்லமே’ போன்ற தொடர்கள் வழியே மாலைதோறும் வீட்டுக்குள் வந்தார். கலைமாமணி விருது பெற்றவர்.

2024 நவம்பர் 9 அன்று இராமாபுரம் இல்லத்தில் காலமானார். விமானப்படையினர் வந்து இறுதி மரியாதை செலுத்தினர்.