உங்க ரூம்ல இருக்கிறது அமெரிக்கனா, ஜெர்மனா?

ஹாஸ்டல்வாசிகளே, கரப்பான் பூச்சியைப் பார்த்ததும் செருப்பைத் தேடுறீங்களா? ஒரு நிமிஷம்! ஆள் யாருன்னு முதல்ல பாருங்க. வகை தெரிஞ்சாதான், கூட்டம் எங்கே குடியிருக்குன்னு தெரியும்.

செம்பழுப்பு நிறம், கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளம், தலைக்குப் பின்னால் மஞ்சள் விளிம்பு... இவர் அமெரிக்கன். சாக்கடை, பாத்ரூம் குழாய் வழியா வர்ற விருந்தாளி. தண்ணி போற ஓட்டைக்கு ஜல்லடை மூடி போட்டாலே வரத்து குறையும்.

ஒன்றரை செ.மீ.தான், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் ரெண்டு கறுப்புக் கோடு... இவர்தான் ஜெர்மன். ஆள் சிறுசு, தொல்லை பெருசு! கிச்சன் இடுக்குதான் வீடு. ஒரு முட்டைப் பையில் 30, 40 முட்டை. பொரிக்கப் போற வரைக்கும் தாயே சுமக்கும். ஸ்ப்ரே அடிச்சா, இடுக்குல பதுங்கினவங்க தப்பிச்சிடுவாங்க. அங்கேயே ஜெல் மருந்து வைங்க.

அதே சைஸ், ஆனா றெக்கையில் குறுக்கே வெளிறிய பட்டையா? அலமாரி மேல்தட்டு, டி.வி.க்குப் பின்னால்னு காய்ஞ்ச இடமா தேடுங்க.

பேரை மட்டும் நம்பாதீங்க! அமெரிக்கனுக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஜெர்மன்? சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னாடி இந்தியா அல்லது மியான்மர் பக்கம், ஆசியக் கரப்பானிலிருந்து பிரிஞ்சு வந்தவர்னு 2024-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்லுது. கிட்டத்தட்ட நம்மாளு!

சிரிச்சாச்சா? இனி சீரியஸ். கரப்பானோட எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும். ரூம்மேட்டுக்கு வீசிங் இருக்கா? இன்னிக்கு ராத்திரியே டார்ச்சோட கிளம்புங்க பாஸ்!