இரண்டு பற்றரி ஏன்?

சுவிஸ் கிராமங்களில் பச்சை நிறத்தில், பெட்டி மாதிரி ஒரு பழைய இராணுவ வாகனம் ஓடுறதை நீங்கள் கண்டிருக்கலாம். அதன் பெயர் பின்ஸ்கவர். ஒஸ்திரியாவில் ஒரு மாட்டினத்துக்கும் இதே பெயர்தான்! 1971ஆம் ஆண்டிலிருந்து ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் இதைச் செய்தார்கள். சுவிஸ் இராணுவம் நிறைய வாங்கியது. பழையதான பிறகு, பலவற்றைத் தூன் நகரத்தில் ஏலத்தில் விற்றது. இப்போது பழைய வாகனங்களில் ஆசை உள்ளவர்கள் அவற்றை வைத்திருக்கிறார்கள். (உங்கள் அம்மம்மாவுக்கு "ஆமி லொறி" என்றால் வேறு நினைவுகள் வரலாம். அவ சொல்ல விரும்பினால் கேளுங்கோ.)

சாதாரணக் காரில் ஒரு பற்றரி இருக்கும். அது 12 வோல்ற்று. பின்ஸ்கவரில் அப்படி இரண்டு பற்றரி. முதலாவதின் பிளஸ் முனையை இரண்டாவதின் மைனஸ் முனையோடு வயரால் இணைத்திருப்பார்கள். இதற்குத் தொடர் இணைப்பு என்று பெயர். 12உம் 12உம் சேர்ந்து 24 வோல்ற்று.

ஏன் 24? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாற்று வரும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண 2400 வாற்று வேணும் என்று வையுங்கோ. 12 வோல்ற்று என்றால் 200 அம்பியர் ஓட வேணும். 24 வோல்ற்று என்றால் 100 அம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால், அதே வயரில் சூடாகி வீணாவது பாதி இல்லை, காற்பங்குதான்! தை மாதக் குளிரில் பற்றரியின் பலம் குறையும், எஞ்சின் எண்ணெயும் தடிச்சுப் போகும். அப்போது இந்த மிச்சம் பெரிய உதவி. இராணுவத்துக்கு வண்டியில் பெரிய றேடியோக்களும் வேணும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப் வெறும் 6 வோல்ற்று. 1950 அளவில் வந்த அமெரிக்க எம்38 ஜீப் 24 வோல்ற்றுக்கு மாறிவிட்டது.

சரி, பற்றரியில் உள்ள மின்சாரம் முடிஞ்சு போகாதா? முடியும். அதனால் எஞ்சின் ஓடும்போது ஒரு மின்பிறப்பாக்கியும் சேர்ந்து சுற்றி, பற்றரியை நிரப்பும். எங்கள் ஊர்க்காரருக்கு இது புதிசில்லை. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, றேடியோவுக்குப் பற்றரி வாங்கவும் ஏலாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். பின்ஸ்கவரில் பெடலைச் சுற்றுவது எஞ்சின். அவ்வளவுதான்.

மேலே உள்ள தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேணும் என்றால், பம்ப் தொட்டியின் உயரத்துக்கும் மேலே தள்ள வேணும், இல்லையா? பற்றரியும் அப்படித்தான். நிரம்பிய இரண்டு பற்றரியும் சேர்ந்து 25 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். ஆகவே சார்ஜ் ஏற்ற ஏறக்குறைய 28 வோல்ற்று தேவை. 24 மட்டும் வந்தால் ஒன்றும் ஏறாது. 32 வந்தால் பற்றரி கெட்டுப்போகும். 28இல் பிடித்து வைக்க றெகுலேற்றர் என்ற கருவி இருக்கிறது.

இப்ப முக்கியமான விசயம். புதிசாக வாங்கினவர் வண்டியில் பாட்டுக் கேட்க ஆசைப்படுவார். கடையில் கிடைக்கும் கார் றேடியோ 12 வோல்ற்று. "இரண்டில் ஒன்று 12 தானே!" என்று ஒரே பற்றரியிலிருந்து வயர் எடுத்துவிடுவார். பாட்டு நல்லாய்க் கேட்கும். ஆனால் என்ன நடக்குது என்று பாருங்கோ.

அண்ணாவும் தங்கச்சியும் ஒரே அளவு சாப்பிடுகிறார்கள். ஆனால் தங்கச்சியின் தட்டிலிருந்து மட்டும் பூனை எடுத்துத் தின்கிறது. தங்கச்சிக்குப் பசி. அம்மா, "தங்கச்சிக்குக் காணாது" என்று இருவருக்கும் இன்னும் போடுகிறா. அண்ணாவுக்கு வயிறு வெடிக்கும்! பற்றரியிலும் அதேதான். றேடியோ இணைத்த பற்றரி நிரம்பாமல் 13 வோல்ற்றில் நிற்கும். மற்றது 15 வரை ஏறும். நிரம்பாத பற்றரியில் அமிலம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், கடுங்குளிரில் உறைந்து பெட்டி வெடிக்கலாம். மற்றதில் தண்ணீர் குமிழியிட்டு ஐதரசன் வாயு வெளியே வரும். பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும்.

இதில் பெரிய ஏமாற்று என்ன தெரியுமா? 13உம் 15உம் எவ்வளவு? 28! முழு வண்டியையும் அளந்தால் எல்லாம் சரி என்றே வோல்ற்றுமானி காட்டும். நான் கணினி நிரல் எழுதுகிறவன். கூட்டுத்தொகை சரியாக இருக்கிற பிழைதான் எனக்கு எப்பவும் பயம்.

அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பற்றரியையும் தனித்தனியே அளப்பார்கள். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாகவே, ஒரே வகையாகவே மாற்றுவார்கள். றேடியோவுக்கு, 24 வோல்ற்றை 12 ஆக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று கடையில் இருக்கிறது. அது இரண்டு பற்றரியிலிருந்தும் சமமாக எடுக்கும்.